மகிழ்ச்சி ஆய்வாளர்கள் அரிஸ்டாட்டிலின் வாரிசுகளா?

வெண்ணிக்கரை எழுதியது:

நேர்மறை உளவியலைத் தமிழில் அறிமுகப்படுத்தும் கட்டுரைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் ஒரு கருத்து தவறாமல் இடம்பெறுகிறது. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் நல்வாழ்வைப் பற்றித் தத்துவமாகச் சொன்னதை மார்ட்டின் செலிக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அறிவியலாக நிறுவிவிட்டார்கள் என்பதே அது. இந்த வாரிசுரிமை செல்லுமா என்று பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

துறையின் வரலாறு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியரான செலிக்மன், 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, உளவியல் இதுவரை மனநோயை மட்டுமே பார்த்து வந்தது, இனி நன்றாக வாழ்பவர்களையும் பார்க்க வேண்டும் என்ற முழக்கத்தை முன்வைத்தார். 2000 ஜனவரியில் அச்சங்கத்தின் இதழ், அவரும் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் பொறுப்பேற்ற ஒரு சிறப்பிதழாக வந்தது. 2002இல் இன்ப வாழ்வு, ஈடுபாட்டு வாழ்வு, பொருள்பொதிந்த வாழ்வு என்ற மூன்று வகைகளை அவர் வகுத்தார். 2004இல் கிறிஸ்டோபர் பீட்டர்சனுடன் சேர்ந்து 6 நற்பண்புகளும் அவற்றின் கீழ் 24 குணவலிமைகளும் கொண்ட பட்டியலைத் தந்தார். 2011இல் நேர்மறை உணர்வு, ஈடுபாடு, உறவு, பொருள், சாதனை ஆகிய ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துப் ‘பெர்மா’ என்றார். பயிற்சி வகுப்புகளில் இன்று பலகையில் எழுதப்படுவது இந்த ஐந்துதான்.

அரிஸ்டாட்டில் சொன்னது வேறு. அவருக்கு நல்வாழ்வு என்பது மனத்தில் தங்கியிருக்கும் ஒரு நிலையன்று. அறப்பண்புகளின்படி ஆன்மா இயங்கும் செயல், அதுவும் ஒரு முழு வாழ்நாள் நெடுக. ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டால் வேனில் வந்துவிட்டதாகாது என்று அவர் எழுதியது இந்த முழு வாழ்நாளைக் குறித்தே. திராய் நகர மன்னன் பிரியம் செல்வமும் மக்கட்பேறும் நிறைந்து வாழ்ந்து, முதுமையில் பிள்ளைகளையும் நகரத்தையும் இழந்து மாண்டான். அவனை நல்வாழ்வு வாழ்ந்தவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்கிறார். சித்திரவதைச் சக்கரத்தில் கட்டப்பட்டவனும் நல்லவனாக இருந்தால் மகிழ்ச்சியாகவே இருப்பான் என்று பேசுபவர்கள் பொருளற்றுப் பேசுகிறார்கள் என்றும் இன்னோரிடத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார். ஆக, குணமும் வேண்டும், அதன்வழிச் செயலும் வேண்டும், ஊழும் ஓரளவு ஒத்துழைக்க வேண்டும்.

இப்போது இந்த ஆய்வாளர்கள் நல்வாழ்வை அளக்கப் பயன்படுத்தும் வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊராரை வதைத்துச் சொத்துச் சேர்த்த ஒருவன், தன் வாழ்க்கை தனக்கு முழு நிறைவளிப்பதாக உண்மையாகவே நம்பி, எல்லாக் கேள்விக்கும் உச்ச மதிப்பெண் இட்டால், அவன் நல்வாழ்வு வாழ்கிறான் என்று அந்தத் தாள் காட்டும். அரிஸ்டாட்டில் காட்டமாட்டார். இந்த இடைவெளியை வெறும் அளவீட்டுக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. துறையினர் யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஆய்வுமேசை எழுதியது:

உளவியல் கற்பிப்பவன் என்ற முறையில், வெண்ணிக்கரை அவர்களின் கேள்வி நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, வினாத்தாளின் சார்பில் சிறிது வாதாட விரும்புகிறேன்.

அவர் மனத்தில் வைத்திருப்பது எட் டீனர் குழுவினர் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை நிறைவு அளவுகோல் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் இருப்பவை ஐந்தே கூற்றுகள். என் வாழ்க்கை பெரும்பாலும் நான் விரும்பிய இலட்சியத்துக்கு நெருக்கமாக உள்ளது; என் வாழ்க்கைச் சூழல் மிகச் சிறப்பாக உள்ளது; என் வாழ்க்கை எனக்கு நிறைவளிக்கிறது; முக்கியமாக வேண்டியவற்றை இதுவரை பெற்றுவிட்டேன்; மறுபடி வாழ நேர்ந்தால் ஏறக்குறைய எதையும் மாற்றமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இட வேண்டும். ஆகக் குறைந்தது 5, ஆக அதிகம் 35, நடுப்புள்ளி 20. இது அறத்தை அளப்பதாக டீனர் எங்கும் உரிமை கோரவில்லை. ஒரு மனிதர் தம் வாழ்க்கையைத் தாமே எப்படி மதிப்பிடுகிறார் என்பதை மட்டுமே அளக்கிறது. அந்த மதிப்பீடு வெறும் வாய்ச்சொல்லாக இருந்துவிடுவதில்லை. நெருங்கிய நண்பர்களும் குடும்பத்தாரும் அவரைப் பற்றித் தரும் மதிப்பீட்டோடு கணிசமாக ஒத்துப்போகிறது. வேலை இழப்பு, துணையின் மறைவு போன்ற நிகழ்வுகளுக்கு ஏற்பக் கீழிறங்கவும் செய்கிறது. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியிடம் நோய் இன்னதென்று சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வது சரியாகாது.

மேலும், அரிஸ்டாட்டிலை நேராக எடுத்துக்கொண்டு அளவுகோல் செய்தவர்களும் உண்டு. கரோல் ரிஃப் 1989இல் முன்வைத்த ஆறு கூறுகளில் ‘இன்பம்’ என்பதே கிடையாது. தற்சார்பு, சூழலை ஆளும் திறன், வளர்ச்சி, நல்லுறவு, வாழ்வின் நோக்கம், தன்னை ஏற்றல் ஆகியவையே அவை. செலிக்மனின் இயக்கம் தொடங்குவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே இது நடந்தது என்பதை ‘செலிக்மன்தான் தொடங்கினார்’ என்று எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

செலிக்மனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெயர் பெற்றதே துயரத்தை ஆராய்ந்துதான். 1967இல் அவரும் ஸ்டீவன் மேயரும் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்திக்கொள்ள முடிந்தது. இன்னொரு பிரிவு நாய்களுக்கு அதே அளவு அதிர்ச்சி கிடைத்தது, ஆனால் அவை என்ன செய்தாலும் அது நிற்கவில்லை. பிறகு தாழ்ந்த தடுப்பைத் தாண்டிக் குதித்தாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோது, இரண்டாம் பிரிவில் பெரும்பாலான நாய்கள் தப்பிக்கவில்லை. இயலாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அந்த விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப் போவது உயிரினத்தின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது, நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வே. தம் புகழுக்கு அடிப்படையான கொள்கையைத் தாமே திருத்துவது எல்லாத் துறைகளிலும் நடப்பதில்லை.

புதுவாசகன் எழுதியது:

எளிய கேள்வி. லாட்டரியில் கோடிகள் வென்றவர்களும் விபத்தில் கை கால் செயலிழந்தவர்களும் ஓராண்டுக்குப் பின் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது உண்மையானால் அரிஸ்டாட்டில் பிரியம் மன்னனைப் பற்றிச் சொன்னது அடிபட்டுப் போகிறது அல்லவா?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

உண்மையில்லை நண்பரே. மூலக் கட்டுரையைப் படிக்காமல் ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லிச் சொல்லியே அது இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிலிப் பிரிக்மனும் வேறு இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு அது. இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர், ஒப்பீட்டுக்காக அதே பகுதியைச் சேர்ந்த 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், அவ்வளவுதான் மாதிரி. 0 முதல் 5 வரையான அளவில் தற்போதைய மகிழ்ச்சிக்கு லாட்டரி வென்றவர்களின் சராசரி 4.00, ஒப்பீட்டுக் குழுவினருக்கு 3.82, விபத்துக்குள்ளானவர்களுக்கு 2.96. வென்றவர்களுக்கும் சாதாரண மக்களுக்கும் வேறுபாடு குறைவு என்பதுதான் வியப்பூட்டும் முடிவு. விபத்துக்குள்ளானவர்கள் தெளிவாகக் கீழேதான் இருந்தார்கள். பலரும் எதிர்பார்க்கும் அளவுக்கு அவர்கள் பாதாளத்தில் விழவில்லை என்று சொல்லலாம். சமம் என்று சொல்ல அந்த எண்களில் இடமில்லை. பிரியம் மன்னனின் துயரம் பத்திரமாகவே இருக்கிறது. அதைவிடச் சுவையான செய்தி ஒன்று அதே கட்டுரையில் இருக்கிறது. நண்பருடன் பேசுவது, தொலைக்காட்சி பார்ப்பது, காலை உணவு உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் கிடைக்கும் இன்பத்தைக் கேட்டபோது லாட்டரி வென்றவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாகவே சொன்னார்கள். இதைக் காணொளிகள் சொல்வதில்லை.

இந்தத் துறையில் எண்கள் தனிவாழ்க்கை நடத்தத் தொடங்கிவிடுவது இது மட்டுமன்று. 2005இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும், எதிர்மறை உணர்வுக்கு நேர்மறை உணர்வு 2.9013 மடங்கு இருந்தால் மனிதர் செழிக்கிறார், 11.6346 மடங்கைத் தாண்டினால் அந்தச் செழிப்பு குலைகிறது என்று எழுதினார்கள். நான்கு தசம இடங்கள்! மனித உணர்வுக்கு! அந்த எண் கிடைத்த வழி இன்னும் வேடிக்கையானது. திரவங்களின் வெப்பச் சுழற்சியை விளக்க வானிலை ஆய்வாளர் லோரன்ஸ் அமைத்த சமன்பாடுகளை எடுத்து, எந்த நியாயமும் காட்டாமல் உணர்வுகளின் மேல் பொருத்தியிருந்தார்கள். எட்டு ஆண்டுகள் அது நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாக வலம் வந்தது. பிழையை முதலில் பிடித்தவர் ஐம்பது வயதைக் கடந்து, லண்டனில் நேர்மறை உளவியலிலேயே பகுதிநேர முதுநிலை படித்துக்கொண்டிருந்த நிக் பிரவுன். இயற்பியலாளர் ஆலன் சோக்கலையும் உளவியலாளர் ஹாரிஸ் ஃபிரீட்மனையும் சேர்த்துக்கொண்டு 2013இல் அவர் மறுப்பை வெளியிட்டார். அதன்பின் அந்தக் கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. முதல் ஆண்டுக் கணிதம் படித்த யாரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இத்தனை பேர் எட்டு ஆண்டுகள் கேட்காமல் இருந்தது ஏன் என்பதை உளவியலாளர்கள்தான் ஆராய வேண்டும்.

‘மகிழ்ச்சியில் 50 விழுக்காடு மரபணு, 10 விழுக்காடு சூழல், 40 விழுக்காடு நம் கையில்’ என்ற வட்டப்படமும் இதே இனம். 2005இல் லூபோமிர்ஸ்கி உள்ளிட்ட மூவர் வரைந்தது. அவை மக்கள்தொகையில் காணப்படும் வேறுபாட்டைப் பகுத்துக் காட்டும் தோராயங்கள். ஒரு தனிமனிதரின் மகிழ்ச்சியை அப்படிக் கூறுபோட முடியாது. வெள்ளத்தில் வீடு இழந்தவரிடம் சூழல் வெறும் 10 விழுக்காடு என்று சொல்லிப் பாருங்கள்.

தோட்டத்துநிழல் எழுதியது:

எல்லோரும் அரிஸ்டாட்டிலைக் கேள்வியின்றி நீதிபதி இருக்கையில் அமர்த்திவிட்டீர்கள். அவருடைய நல்வாழ்வு யாருக்கு வாய்க்கும் என்பதையும் பாருங்கள். நற்குடிப் பிறப்பு, ஓரளவு செல்வம், நண்பர்கள், நல்ல பிள்ளைகள், அருவருப்பில்லாத தோற்றம் ஆகியவையும் வேண்டும் என்கிறார். அடிமைக்கு அதில் பங்கில்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். இந்த ஆய்வாளர்களின் வினாத்தாளில் யாரும் மதிப்பெண் இடலாம். அரிஸ்டாட்டிலின் நகரத்தில் பெரும்பாலானோர் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள்.

நேர்மறை உளவியலுக்கு முன்னோர் தேடுவதானால் எபிகியூரஸிடம் போக வேண்டும். கி.மு. 306 அளவில் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கிப் பள்ளி அமைத்தவர். பெண்களையும் அடிமைகளையும் அங்கே சேர்த்துக்கொண்டார். மைஸ் என்ற அடிமையைத் தம் உயிலில் விடுதலை செய்தார். இன்பமே நோக்கம் என்று சொன்னதால் விருந்துப் பிரியர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவர் வழக்கமாக உண்டது ரொட்டியும் நீரும். நண்பருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், ஒரு சட்டி பாலாடைக்கட்டி அனுப்பினால் நினைத்தபோது விருந்துண்பேன் என்று கேட்கிறார். இயல்பானதும் கட்டாயமானதுமான ஆசை, இயல்பானது ஆனால் கட்டாயமில்லாதது, இரண்டுமில்லாத வெற்று ஆசை என மூன்றாகப் பிரித்து, முதலாவதை நிறைவுசெய்வது எளிது, மூன்றாவதற்கு எல்லையே இல்லை என்றார். ஊதியம் உயர உயர எதிர்பார்ப்பும் கூடவே உயர்ந்துவிடுவதை இன்று ஆய்வாளர்கள் வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். அவர் அதை ஒரு கடிதத்தின் சில வரிகளில் முடித்துவிட்டார்.

சாகும் நாளில் இதோமெனியஸுக்கு அவர் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. சிறுநீர் அடைப்பின் வலியும் வயிற்றுக்கடுப்பும் உச்சத்தில் இருக்கின்றன, ஆனால் நாம் முன்பு பேசிய பேச்சுகளை நினைக்கும் மகிழ்ச்சி அவற்றுக்கு எதிரே அணிவகுத்து நிற்கிறது என்று எழுதுகிறார். செலிக்மன் குழுவினர் 2005இல் 577 பேரிடம் நடத்திய இணையவழிச் சோதனையில் வெற்றிபெற்ற பயிற்சிகளில் ஒன்று என்ன? ஒரு வாரம், ஒவ்வோர் இரவும், அன்று நடந்த மூன்று நல்லவற்றையும் அவை நடந்ததன் காரணத்தையும் எழுதுவது. ஆறு மாதம் கழித்தும் அவர்களின் மகிழ்ச்சி சற்றே கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. நல்லதை நினைவில் நிறுத்திக்கொள்ளும் எபிகியூரியப் பயிற்சியின் நேர்வழித்தோன்றல் இது. அரிஸ்டாட்டில் தம் மாணவனை இரவில் உட்கார்ந்து மூன்று நல்லவை எழுதச் சொல்லியிருப்பார் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

ஓர் இடைக்குறிப்பு. அந்த 577 பேரும் செலிக்மனின் நூலுக்கான வலைத்தளத்துக்குத் தாமாகவே வந்தவர்கள். மகிழ்ச்சியாக வேண்டும் என்ற விருப்பத்தோடு வந்தவர்கள். பயிற்சி பயனற்றது என்று சொல்லவில்லை. யாரிடம் சோதிக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

வாசகி_மதுரை எழுதியது:

தாமாக வந்தவர்கள் என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டே என் கருத்தைச் சொல்கிறேன். மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆட்குறைப்பு நடந்து, எஞ்சியவர்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்த காலாண்டில், எங்களுக்கு ஒரு நல்வாழ்வுப் பயிலரங்கு நடத்தப்பட்டது. தோட்டத்துநிழல் ஐயா சொல்லும் அதே மூன்று நல்லவை பயிற்சிதான். அச்சடித்த நாட்குறிப்பேடு ஒன்றைக் கையில் கொடுத்து, வாரக் கடைசியில் குழுத் தலைவரிடம் காட்ட வேண்டும் என்றார்கள். என் அருகில் அமர்ந்திருந்த சக ஊழியை முதல் நாளுக்கு எழுதியது: ‘1. வேலை இருக்கிறது. 2. வேலை இருக்கிறது. 3. பேருந்தில் இடம் கிடைத்தது.’

பயிற்சி அதேதான். ஆனால் எபிகியூரஸ் அதைத் தம் வலிக்கு எதிராகத் தாமே செய்துகொண்டார். தத்துவவாதி எபிக்டீட்டஸையும் இதே முறையில் பார்க்க வேண்டும். நீரோவின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்த எபாஃப்ரோடிட்டஸின் அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். நிகழ்வுகள் நம்மைக் கலக்குவதில்லை, அவற்றைப் பற்றிய நம் கருத்துகளே கலக்குகின்றன என்று அவர் சொல்லும்போது அதில் ஒரு வீரம் இருக்கிறது. அதையே எபாஃப்ரோடிட்டஸ் அவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன பொருள் தரும்? 2009இல் அமெரிக்க இராணுவம், செலிக்மன் குழுவின் துணையோடு, இலட்சக்கணக்கான வீரர்களுக்கு மனவலிமைப் பயிற்சியைத் தொடங்கியது, ஏறத்தாழ 12.5 கோடி டாலர் திட்டம். இராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் திரும்பத் திரும்ப அனுப்பப்படுவது சரியா என்ற கேள்வி அந்தப் பயிற்சி ஏட்டில் இடம்பெற வழியில்லை. எந்தக் கருத்து என்பதோடு யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விவாதம் முழுமையாகாது என்பது என் எண்ணம்.

வெண்ணிக்கரை எழுதியது:

வாசகி_மதுரை அவர்களின் பதிவு என் முதல் பதிவில் விடுபட்டிருந்த ஊரைக் கொண்டுவந்துவிட்டது. பழைய நல்வாழ்வுக் கணக்குகளில் ஊர் எப்போதும் உண்டு. பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் சொல்லும் கதையில், லிடியாவின் மன்னன் குரோசஸ் தன் கருவூலங்களையெல்லாம் காட்டிவிட்டு, உலகில் மிகவும் பேறு பெற்றவன் யார் என்று ஏதென்ஸின் அறிஞரான சோலோனிடம் கேட்கிறான். சோலோன் தெல்லஸ் என்ற ஏதென்ஸ்காரனின் பெயரைச் சொல்கிறார். காரணங்களில் முதலாவது, அவனுடைய நகரம் நன்றாக இருந்தது. பிறகுதான் நல்ல பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், போரில் நகருக்காக நேர்ந்த சாவு, ஊர்ச் செலவில் அடக்கம். (இருவரின் காலமும் பொருந்தவில்லை, சந்திப்பு நடந்திருக்க வாய்ப்பில்லை என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள், கருத்துக்கு அது தடையில்லை.)

நம் புறநானூற்றின் 191ஆம் பாடலும் இதே அமைப்பில் இருப்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் காரணங்களை அடுக்குகிறார். மனைவி மாண்புடையவள், மக்கள் நிறைவுடையவர்கள், ஏவலர் என் கருத்தறிந்து நடப்பவர்கள், வேந்தன் தீயன செய்யாமல் காக்கிறான். இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர் பலர்யான் வாழும் ஊரே’. தம் மனப்பயிற்சி என்று அவர் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. காரணங்கள் அத்தனையும் வெளியே இருக்கின்றன. ஐந்து கூற்று அளவுகோலில் இவருக்கு 35 கிடைக்கக்கூடும். ஆனால் அந்த 35 எங்கிருந்து வந்தது என்று தாள் சொல்லாது, பிசிராந்தையார் சொல்லிவிட்டார்.

மலைநாட்டான் எழுதியது:

ஊரையும் அரசையும் சேர்த்து அளக்க முயன்ற நாடு பூட்டான். மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970களில் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சி முக்கியம் என்றார். 2008 அரசியலமைப்பில் அது இடம்பெற்றது. இன்று 9 துறைகள், 33 குறியீடுகள். மனநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, சமூகப் பிணைப்பு, சூழலியல், வாழ்க்கைத்தரம் என விரிகிறது. 0 முதல் 10 வரை எண்ணிட்ட படிகள் கொண்ட ஏணியைக் கற்பனை செய்து நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்ற ஒரே கேள்வியை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் உலக மகிழ்ச்சி அறிக்கையைவிட இது பிசிராந்தையாரின் கணக்குக்கு நெருக்கமானது.

ஆனால் 1990களின் தொடக்கத்தில் நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, கிழக்கு நேபாள முகாம்களில் பல ஆண்டுகள் கழித்தார்கள். கணக்கெடுப்பாளர் தட்டும் கதவுகள் எல்லைக்கு உள்ளே இருப்பவை மட்டுமே. அரிஸ்டாட்டிலின் நகரத்தில் அடிமைகள் விடுபட்டதைத் தோட்டத்துநிழல் சொன்னார். இங்கும் கணக்கு அப்படித்தான் நேராகிறது.

தோட்டத்துநிழல் எழுதியது:

இன்னொரு கோணம். மகிழ்ச்சியை நேராகக் குறிவைப்பதே அதைக் கெடுத்துவிடுமோ என்ற ஐயம் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லுடையது. இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்தே நன்மையை முடிவுசெய்யலாம் என்ற தத்துவவாதி பெந்தமின் இன்பக் கணக்கிலேயே வளர்க்கப்பட்டவர், 1826இல் தம் 20ஆம் வயதில் தம்மையே கேட்டுக்கொள்கிறார்: நான் விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்தக் கணமே நிறைவேறினால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்குமா? இல்லை என்று மனம் சொல்ல, பல மாதங்கள் இருளில் கிடந்தார். மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டால் அந்த நொடியே அது போய்விடும், வேறொன்றை நோக்கமாகக் கொண்டவர்களே போகிற வழியில் அதைக் காண்கிறார்கள் என்பது அவருடைய தன்வரலாற்றின் முடிவு. 2003இல் வெளியான ஒரு சோதனையில், ஸ்ட்ராவின்ஸ்கியின் கரடுமுரடான இசைக்கோவை ஒன்றைக் கேட்கச் செய்து, சிலரிடம் மட்டும் ‘கேட்கும்போது முடிந்தவரை மகிழ்ச்சியாக இருக்க முயலுங்கள்’ என்றார்கள். சும்மா கேட்டவர்களைவிட, முயன்றவர்களின் மனநிலை கீழிறங்கியிருந்தது.

ஆய்வுமேசை எழுதியது:

முழு வாழ்நாளையும் பார்க்க வேண்டும் என்ற அரிஸ்டாட்டிலின் நிபந்தனைக்கு உளவியல் தந்த மிக நெருக்கமான பதில் ஹார்வர்டு ஆய்வுதான். 1938இல் தொடங்கியது. ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் 268 பேர். தனியே தொடங்கிப் பின்னர் இதனுடன் இணைந்த ஆய்வில், பாஸ்டனின் ஏழ்மைப் பகுதிகளைச் சேர்ந்த சிறுவர்கள் 456 பேர். மருத்துவப் பரிசோதனை, வினாத்தாள், நேர்காணல் என்று சாகும்வரை தொடர்ந்தார்கள். நெருங்கிய உறவுகளின் தரமே முதுமையின் உடல்நலத்தையும் மனநலத்தையும் வலுவாக முன்னுணர்த்துகிறது என்ற முடிவை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள்.

கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நான் நினைப்பது வேறொன்று. அந்த ஆய்வைப் பல பத்தாண்டுகள் நடத்திய மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட், முதுமையில் செழித்தவர் யார் என்று முடிவுசெய்யப் பத்து அம்சங்களை வகுத்து, அதற்கு விளையாட்டுப் போட்டியின் பெயரால் ‘டெக்காத்லான்’ என்று பெயரிட்டார். நல்ல மணவாழ்க்கை, பிள்ளைகளோடு நெருக்கம், குடும்பத்துக்கு வெளியே நட்பு, அடுத்த தலைமுறையை வளர்த்துவிடும் பக்குவம் ஆகியவை அதில் உண்டு. அமெரிக்கப் பிரமுகர் கையேட்டில் பெயர் இடம்பெறுவதும், வருமானத்தில் மேல் கால்பகுதியில் இருப்பதும் அதே பட்டியலில் உண்டு. இந்தப் பத்தும் தரவிலிருந்து தாமாக முளைத்தவையல்ல. இவையெல்லாம் நன்மை என்று வேலண்ட் தீர்மானித்தார். தம் தீர்ப்பு என்பதை மறைக்கவும் இல்லை.

ஆகவே வெண்ணிக்கரை அவர்களின் முதல் கேள்விக்கு என் விடை இது. உணர்வையும் நிறைவையும் அளக்கும்வரை நாங்கள் பெந்தமின், எபிகியூரஸின் வாரிசுகள்; அதில் எங்களால் பிழை திருத்திக்கொண்டு முன்னேற முடிகிறது, 2.9013 போன்றவற்றைத் தூக்கியெறியவும் முடிகிறது. ‘செழிப்பு’ என்று பேசத் தொடங்கும்போது எது நல்லது என்ற தீர்ப்பு உள்ளே வந்துவிடுகிறது. அரிஸ்டாட்டில் அந்தத் தீர்ப்பைத் தம் பெயரில் எழுதி, வாதாடினார், அடிமைகளைப் பற்றி எழுதியதற்காக இன்றுவரை வசை வாங்குகிறார். 24 குணவலிமைப் பட்டியலோ, எல்லாப் பண்பாடுகளும் ஒப்புக்கொண்டவை என்ற பெயரில் வருகிறது. எந்தக் குணம் எந்தச் சூழலில் நல்லது, இரண்டு மோதினால் எதை விடுவது என்பதை முடிவுசெய்யும் நடைமுறை அறிவை அரிஸ்டாட்டில் மற்றப் பண்புகளை வழிநடத்தும் இடத்தில் வைத்தார். அந்தப் பட்டியலில் அதற்கு ஈடான தலைமை இடம் எதற்கும் இல்லை. விடாமுயற்சியும் துணிவும் வெண்ணிக்கரையின் கொடியவனிடமும் ஏராளமாக இருக்கலாம்.

வாசகி_மதுரை எழுதியது:

268, 456 இரண்டும் ஆண்கள் மட்டும்தானே?

ஆய்வுமேசை எழுதியது:

ஆம், ஆண்கள் மட்டுமே. 1938இல் ஹார்வர்டு கல்லூரி பெண்களைச் சேர்க்கவில்லை. மனைவியரைப் பிற்காலத்தில்தான் முறையாக ஆய்வில் இணைத்தார்கள். மகன்கள், மகள்கள் என இரண்டாம் தலைமுறையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இப்போது ஆய்வு தொடர்கிறது. எனவே ‘நெருங்கிய உறவுகளே முதுமையைக் காக்கின்றன’ என்று அந்த முதல் தலைமுறையை வைத்துச் சொல்லும்போது, அந்த உறவுகளைப் பேணும் உழைப்பில் பெரும்பங்கை யார் செய்தார்கள், அவர்களின் முதுமை எப்படி இருந்தது என்பதற்கு முதல் சில பத்தாண்டுகளின் கோப்புகளில் விடை தேட முடியாது.